யாரும் பார்க்காத வாலாட்டி

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றைக்கும் சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகள் மாதிரிதான். எது எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சரியாகத் தெரியாது. தப்பிருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கம்பெனி கேன்டீனில்கூட சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சூளகிரிக்குத் தெற்கே, மேட்டுக்காடு. ஓசூரில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்களுக்கு ராகி, அவரை, கொள்ளு, நாலைந்து மாமரம், ஒரு கிணறு. கிணற்றுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மோட்டார் ஓடினால் தண்ணீர் அதில் விழுந்து வாய்க்காலில் போகும்.

எங்கள் பக்கத்தில் கொள்ளு விதைக்க யாரும் நாள் பார்க்கமாட்டார்கள். மழைக்காலம் தொடங்கும்போது வாலாட்டிக் குருவி வரும். ஏரியில் வருஷம் முழுக்கத் திரியும் கறுப்பு வெள்ளை வாலாட்டி வேறு. இது சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு, உடம்பைவிட நீளமான வால். தண்ணீர் ஓரமாக நாலு அடி ஓடும், நிற்கும், வாலை ஆட்டும், மறுபடியும் ஓடும். வடக்கே பெரிய பெரிய மலைகளைத் தாண்டி வருகிறது என்று பின்னாளில்தான் கேள்விப்பட்டேன். அப்போது எங்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்ற கவலையே இல்லை. வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. சில வருஷம் புரட்டாசி பிறந்த உடனே வரும், சில வருஷம் ஐப்பசி வரைக்கும்கூட இழுக்கும். முதலில் பார்த்தவர் சத்தம் போட்டுச் சொல்வார். அடுத்த ஈரத்தில் ஊரே கொள்ளு போடும். ஓடு மாற்றுவது, மாடு வாங்குவது, பெண் பார்க்கப் போவது எல்லாவற்றுக்கும் “வாலாட்டி வரட்டும்” என்று தவணை சொல்வது எங்கள் ஊர் வழக்கம்.

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயேதான் இருந்தாள். மாமாவும் கூடவே. மாமா தளிப் பக்கத்துக்காரர். எங்களிடம் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டுவது அவர் தொழில். வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே ஒந்து, எரடு, மூரு என்று எண்ணுவார். “தமிழ்ல எண்ணுனா மோட்டார் சுத்தாதுடா, முறைச்சுக்கும்” என்பார். நான் அதை ரொம்ப நாள் நம்பினேன்.

ஒரு மார்கழியில் அவருக்கும் அப்பாவுக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. தொட்டி ஓரத்தில் நடக்கிற வாலாட்டி வருஷா வருஷம் வருகிற அதே குருவிதான் என்றார் மாமா.

“ஊர்ல எத்தனையோ குருவி இருக்கு மாப்ள. இது ஒண்ணு, அது ஒண்ணு” என்றார் அப்பா.

“இல்ல மச்சான். நடையைப் பாருங்க. இந்த ஊட்டு மருமகன் மாதிரி என்னா உரிமையா நடக்குது!”

“அப்போ அதுவும் சோத்து நேரத்துக்குத்தான் வரும்” என்று அப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

மாமா அதோடு விடவில்லை. கூடையைக் கவிழ்த்து ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்து, உள்ளே கரையான் புற்றுத் துண்டு ஒன்றைப் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னோடு வைக்கோல் போருக்குப் பின்னால் படுத்துக்கிடந்தார். குருவி அகப்பட்டது. அதன் காலில் மெல்லிய செம்புக் கம்பியை வளையமாகச் சுற்றினார், இறுக்காமல், கழன்று விழாமல். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து குருவியின் தலையை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “ஹோகி பா” என்று சொல்லி மாமா கையை விரித்தார். போய்விட்டு வா என்று அர்த்தம். பங்குனி கழிந்து வெயில் ஏறினதும் அது போய்விட்டது.

அந்த ஆனி மாதம் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்தது. மாமா காயில் கட்டிக் கொடுத்தார். சில நாளில் மறுபடியும் எரிந்தது. தக்காளி நாற்று காய்ந்துகொண்டிருந்தது. நாகரசம்பட்டியிலிருந்து மாங்காய் பார்க்க வந்த வியாபாரிகள் வாசலில் நின்றிருந்தார்கள். அப்பா கிணற்றடியிலிருந்து வந்தவர், “கம்பி சுத்தறானாம் கம்பி! ரெண்டு வேளை தின்னுட்டு ஒரு மோட்டார ஒழுங்கா கட்டத் தெரியல” என்று சொல்லி மாமாவை அறைந்தார்.

அத்தனை பேர் முன்னால்.

மாமா சாய்ப்புக்குப் போய்க் குறடு, சுத்தியல், கம்பிச்சுருள் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தார். அத்தையும் உள்ளே ஓடி இரண்டு புடவையைச் சுருட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டாள். “போறதுன்னா இந்தப் படியை மறந்துட்டுப் போ” என்றார் அப்பா. அத்தை படியிலேயே நின்றாள். மாமா ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. மாமா என்னைக் கூப்பிட்டு, “கம்பி போட்டவன் வந்தா பாத்து வைடா” என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் பக்கத்துக் கிணற்று மோட்டாரும் எரிந்தது. கரண்டு குறைவாக வருவதுதான் காரணம் என்று லைன்மேன் சொன்னார். அப்பா அதைக் கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மாமாவிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஆடியில் சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் உறவுக்காரர் பேச்சை எடுத்தார். மனைவியை இழந்த ஒருவர், காடு கழனி உண்டு, ஒரு பெண் குழந்தை. அத்தைக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தை இல்லை, கட்டினவனும் போய்விட்டான், எத்தனை நாள் இப்படியே வைத்திருப்பீர்கள் என்று கேட்டார். ஊர்க்கவுண்டரும் நாலு பெரியவர்களும் எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

“ஆளு வர்றானா இல்லையான்னு ஒரு தவணை வெக்கணும்ப்பா. தவணை வெக்காம கல்யாணத்தைத் தீத்துவிட்டா நாளைக்கு நம்ம மேல பேச்சு வரும்” என்றார் ஊர்க்கவுண்டர்.

“வாலாட்டி வர்ற வரைக்கும் பாக்கலாங்க” என்றார் அப்பா.

எல்லோரும் தலையாட்டினார்கள். அது சரியான தவணையாகத்தான் பட்டது. பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போகிற லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினார்கள்: வாலாட்டி வருவதற்குள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் உறவைத் தீர்த்து வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடுவோம். லாரிக்காரர் அடுத்த நடையில் பதில் கொண்டுவந்தார். “ஆளைப் புடிச்சு சொல்லிட்டேன். கட்டாயம் அதுக்குள்ள வந்துட்றேன்னாரு. சிரிச்ச மொகமாத்தான் சொன்னாரு.”

அன்று ராத்திரி அத்தை எனக்கு மட்டும் களியில் நெய் விட்டாள்.

புரட்டாசி பிறந்து சில நாள் இருக்கும். காலையில் வேப்பங்குச்சியோடு தொட்டிக்குப் போனேன். தொட்டி விளிம்பில் மஞ்சள் வயிறு. வாலை ஆட்டிக்கொண்டு நாலு அடி ஓடி நின்றது. காலில் செம்பு மின்னியது. அதே குருவி! மாமா சொன்னது நிஜம், அப்பா தோற்றார். வறட்டி தட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன்.

“அத்தை, வாலாட்டி வந்துடுச்சு! கம்பி போட்டது!”

அவள் எழுந்து வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சாணிக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள்.

“கண்ணு, நீ பாக்கல.”

“பாத்தேன் அத்தை, கால்ல...”

“பாக்கல. நானும் பாக்கல. தெரிதா?”

ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். குருவி சீப் என்று கத்திக்கொண்டு அலை அலையாய்ப் பறந்து போனது. அவள் உள்ளே போவதற்குள் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. மறுபடியும் எறிந்தாள். மறுபடியும் வந்தது. அன்று மத்தியானம் தொட்டி மேல் கோணிப்பையை விரித்து மூடினாள். வாய்க்கால் ஓரம் ஈரம் நிற்காதபடி மண் அள்ளிப் போட்டாள். மாமா மேல் இருக்கிற கோபத்தைக் குருவி மேல் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அதுவும் போதாமல், இரண்டு பேருக்கும் ஒரு ரகசியம் இருப்பதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு நாள் கழித்து அப்பா தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். குருவி அவருக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நடந்தது. அப்பா குனிந்தபடியே அதைப் பார்த்தார். அதன் காலையும் பார்த்தார். கழுவின முகத்தையே மறுபடியும் மறுபடியும் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து, “என்னா, இந்த வருஷம் வாலாட்டியக் காணோம்?” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “ஆமா, காணோம்” என்றாள். அவளுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைச் சுவர் மேல் அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர்களுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடினேன்.

நல்ல மழை ஒன்று பெய்தது. ஊரெல்லாம் ஏர் பூட்டினார்கள். எங்கள் காடு மட்டும் சும்மா கிடந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார்: “என்னா மாமா, உன் காட்டுக்கு வர மட்டும் வாலாட்டிக்கு வழி தெரியலயா? வழி காட்ட நான் வரட்டா?”

“எனக்கு என்னா அவசரம்? நீ ஓட்றா” என்றார் அப்பா.

“ஈரம் போச்சுன்னா அப்புறம் குருவியத்தான் அவிச்சுத் தின்னணும்!”

அப்பா சிரித்தார். ஆனால் ஏர்க்கலப்பை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. தினமும் சாயந்திரம், பெங்களூரிலிருந்து பஸ் வரும் நேரத்துக்கு, ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி ரோட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்புவார். பீடி வாங்கப் போனேன் என்பார். மடியில் ஏற்கனவே பீடிக்கட்டு இருக்கும்.

ஐப்பசி தொடக்கத்தில் ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் மறுபடியும் வந்தார்கள். சிங்காரப்பேட்டை மாப்பிள்ளையின் தாய்மாமனும் கூட வந்திருந்தார். கட்டில் போட்டு மோர் கொடுத்தோம். அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், மாட்டைப் பற்றிப் பேசினார்கள். அப்போது குருவி வந்தது. தொட்டி மேல் கிடந்த கோணிப்பையில் இறங்கி, அவர்கள் எதிரே, நாலு அடி ஓடி நின்றது. வாலை ஆட்டியது.

அப்பா மேகத்தைப் பார்த்தார். ஊர்க்கவுண்டர் மோர்ச் சொம்புக்குள் பார்த்தார். மற்றவர்கள் அவரவர் துண்டைச் சரிசெய்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: இவர்கள் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது.

சிங்காரப்பேட்டைக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியாது. “அந்தாண்ட நடக்கிறது வாலாட்டிதானுங்களே? எங்க ஊர்ல எப்பவோ வந்துடுச்சு. அட, கால்ல என்னமோ மின்னுது பாருங்க!”

ஊர்க்கவுண்டர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ஆமா. வாலாட்டிதான்.”

“இப்பத்தான் வந்திருக்கு போல” என்றார் அப்பா.

“இப்பத்தான்” என்றார் ஊர்க்கவுண்டர், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகத் தொட்டிக்குப் போனாள். கோணிப்பையை எடுத்து உதறி மடித்துக் கொடியில் போட்டாள். வாய்க்காலை அடைத்திருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டாள். குருவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காத்திருந்து, அவள் போனதும் விளிம்பில் வந்து தண்ணீர் குடித்தது.

தீபாவளிக்கு முன்பே கோயிலில் வைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். மேளம் இல்லை. கிளம்பும்போது அத்தை என் தலையைத் தடவி, “அதுங்கிட்ட கல்லு எறியாத” என்றாள். எறிந்தது அவள்தான். இருந்தாலும் சரி என்றேன். அப்பா மறுநாள் கொள்ளு விதைத்தார். ஈரம் போன மண்ணில் அது முழங்கால் உயரம்கூட வளரவில்லை. பூத்ததும் காய்ந்துவிட்டது. அந்த வருஷம் மாட்டுக்குக்கூடக் கொள்ளு வாங்கித்தான் போட்டோம்.

தீபாவளி கழிந்த வாரம், பொழுது சாயும் நேரம், தெருமுனையிலிருந்து ஒரு சத்தம்.

“டேய்! வந்துடுச்சுடா!”

மாமா. புதுச்சட்டை. விரலில் ஒரு சாவியை மாட்டிச் சுற்றிக்கொண்டே வந்தார். “இன்னிக்குக் காலையில பாத்தேன்டா, சாக்கடை ஓரமா நடக்குது! இந்த வருஷத்துக்கு மொத வாலாட்டி! வேலையை அப்படியே போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.” வாசலில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்ததும் நின்று, வெட்கமாகச் சிரித்தார். “மச்சான், தவணைக்கு வந்துட்டனா? ரூம் பாத்துட்டேன். சின்னதுதான். ஆனா தண்ணிக் குழா உள்ளயே இருக்கு.”

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் இப்படி இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சொன்னேன்.

“அது புரட்டாசியிலயே வந்துடுச்சு மாமா. கம்பி போட்டதுதான் வந்துச்சு. அத்தையைச் சிங்காரப்பேட்டையில கட்டிக் குடுத்துட்டாங்க.”

மாமா முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு சாவி சுற்றுவது நின்றது.

யாரையும் திட்டாமல், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். “தகர ஷெட்டு மச்சான். இருட்டுல உள்ள போவேன், இருட்டுல வெளிய வருவேன். ஞாயித்துக்கிழமையும் வேலை. நடுவுல ஆகாசமே தெரியாது. அங்க மழை பிந்துச்சே, குருவியும் பிந்தும்னு நெனச்சுக்கினேன். அங்க யாரைப் போய் வாலாட்டி வந்துச்சான்னு கேக்கறது? ஒரு தேதி சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?”

“நம்மள்ல யாருக்கு மாப்ள தேதி தெரியும்?” என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மாமா கூடையைக் கவிழ்த்து, குச்சி வைத்து, வைக்கோல் போருக்குப் பின்னால் படுத்தார். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். குருவி அகப்பட்டது. பையிலிருந்து சின்னக் குறட்டை எடுத்து, காலில் படாமல் கம்பியை நறுக்கென்று வெட்டி எடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “இனிமே இதுதான் அதுன்னு எப்படி மாமா தெரியும்?”

“தெரிய வேணாம்டா.”

கையை விரித்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் பையை அப்பாதான் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மாமா எங்கள் ஊருக்கு வரவில்லை. அத்தை வருவாள், பொங்கலுக்கு, குழந்தைகளோடு. நன்றாகத்தான் இருந்தாள். தொட்டிப் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

அடுத்த வருஷம் அப்பா ஓசூரிலிருந்து ஒரு தினசரிக் காலண்டர் வாங்கி வந்து வாசற்கதவுக்கு மேல் மாட்டினார். அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டுத் தாளைக் கிழிக்கச் சொல்லி, இன்றைக்கு என்ன தேதி என்று படிக்கச் சொல்வார். நான் படித்ததை அப்படியே ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குப் போவார். எனக்கு எரிச்சலாக வரும். படிக்கத் தெரியாத மனுஷனுக்குத் தேதி எதற்கு, தூங்குகிறவனை எழுப்பி உயிரை எடுக்கிறாரே என்று முனகிக்கொண்டே படிப்பேன். ஒரு தடவை நேராகவே கேட்டேன். “தெரிஞ்சு வெச்சிக்கினா நல்லதுதானடா” என்றார், அவ்வளவுதான்.

இன்று காலை ஷிப்ட்டுக்குப் போகும்போது, கம்பெனியில் லாரி நிற்கிற இடத்தில், ஆயில் கலந்த தண்ணீர் ஓரமாக ஒரு வாலாட்டி நடந்துகொண்டிருந்தது. காலைப் பார்த்தேன். வெறும் கால்தான். அங்கே நின்றிருந்த யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதினேன்.

2019, அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை.